சாப்பாட்டுல பொடி கலக்குறத விட்டுட்டு ஒரு மீட்டிங்குக்குப் போய் உக்காருங்க

மறுபடியும் அதே கேஸ். முகமெல்லாம் செவந்து போய், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்க, வாந்தி எடுத்து எடுத்து பிபி இறங்கின ஒரு ஆளை ஆட்டோல போட்டு கேஷுவால்ட்டிக்குக் கொண்டு வந்தாங்க. என்ன சாப்பிட்டாருன்னு கேட்டா கூட வந்த மனைவி வாயே தொறக்கல. தனியா கூட்டிட்டுப் போய், போலீஸுக்கெல்லாம் போக மாட்டோம்மா, உயிர காப்பாத்தணும், சொல்லுங்கன்னு கெஞ்சின அப்புறம்தான் பைக்குள்ள இருந்து ஒரு பொடி பாக்கெட் வெளிய வருது. குடிய நிறுத்தும்னு சொல்லி வித்தது, கூரியர்ல வந்ததாம். கொஞ்ச நாளா சாம்பார்லயும் டீயிலயும் கலந்து குடுத்திருக்காங்க. இவர் பொழைச்சுட்டார். எல்லாரும் பொழைக்கிறதில்ல.

நான் அரசு ஆஸ்பத்திரில மனநல டாக்டர், குடிநோய் வார்டும் ஓபியும் என் பொறுப்பு. அந்தம்மாவ நான் திட்டல, திட்டவும் மனசு வராது. "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள்"னு பஸ் ஸ்டாண்டு சுவத்துல இருந்து ஃபோன் வரைக்கும் விளம்பரம் போட்டு விக்கிறானே, என் கோவமெல்லாம் அவன் மேலதான்.

அந்த விளம்பரத்துல இருக்குற பொய்ய கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன். பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பல சமயம் எங்களுக்கே தெரியாது, ஆனா இந்த மாதிரி ரியாக்ஷனோட ஒருத்தர் வந்தா முதல்ல சந்தேகப்படுறது டைசல்ஃபிராம், அது உடம்புல இருக்கும்போது குடிச்சா இப்படித்தான் ஆகும். அது நல்ல மருந்துதான், நானே எழுதித் தர்றேன், ஆனா எப்படி? ஈசிஜி, லிவர் டெஸ்ட் எல்லாம் பாத்து, கடைசியா குடிச்சு குறைஞ்சது 12 மணி நேரம் ஆகியிருக்கணும், அவரும் குடும்பமும் பக்கத்துல உக்காந்து கேட்டு, சம்மதம்னு கையெழுத்துப் போடணும். ஏன் இவ்வளவு பண்றோம்னா அந்த மாத்திரை குடிக்கிற ஆசைய எல்லாம் அழிக்காது. 'இன்னைக்கு மாத்திரை போட்டிருக்கேன், குடிச்சா உடம்பு தாங்காது'ங்கிற நெனப்புதான் அவர கடைப் பக்கம் போகாம நிறுத்துது. மாத்திரை போட்டதே தெரியாதவருக்கு அந்த நெனப்பு எங்க இருந்து வரும்? அவர் பாட்டுக்கு வழக்கம்போல குவார்ட்டர் வாங்கிக் குடிப்பார், உடம்பு அங்கயே விழும். மருந்த நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேகம் உடம்புல இருக்கலாம். நேத்தோட நிறுத்திட்டேன் டாக்டர்னு சொல்றதுல பிரயோஜனமே இல்ல.

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு, இத யாரும் யோசிக்கிறதே இல்ல. ரொம்ப வருஷமா குடிக்கிறவங்கள்ல சிலருக்கு சந்தேக நோய் வரும், மனைவிக்கு வேற ஆளோட தொடர்பு இருக்கு, அவ என்னைய விஷம் வச்சுக் கொல்லப் பாக்குறான்னு. அந்த ஆளோட தட்டுல நீங்க நெஜமாவே எதையோ கலந்து, அது அவருக்குத் தெரிய வந்தா என்ன ஆகும்? அதுக்கப்புறம் அந்த வீட்டுல ஒரு வாய் சோறு நிம்மதியா எறங்காது, அடி வாங்கப் போறதும் நீங்கதான். நாங்க குடுக்குற மாத்திரையையும் அவர் தொட மாட்டார்.

சரி பொடி வேணாம், அவரே ஒரேயடியா நிறுத்திடட்டும்னு விடுறதும் சில பேருக்கு ஆபத்துதான். கார்த்திகை மாசம் பொறந்தா எங்க வார்டுல எல்லாருக்கும் தெரியும், மாலை போட்டவங்க வலிப்போட வருவாங்க. தினமும் காலைலயே கை நடுங்கி, ஊத்தினாதான் நடுக்கம் நிக்கும்ங்கிற அளவுக்குக் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாம் மூணாம் நாள்ல செவுத்துல பூச்சி ஊருது, வாசல்ல ஆள் நிக்குதுன்னு பிதற்றலாம். பேய் புடிச்சிருச்சுன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போய் நேரத்த வீணாக்கிட்டு, அப்புறமா இங்க வர்றாங்க. சாமிக்கு மாலை போடுங்க, கோயில்ல கயிறு கட்டுங்க, யாரும் தடுக்கல, அதுக்கு முன்னாடி ஒருவாட்டி டாக்டர பாத்துட்டுப் போங்கன்னுதான் கேக்குறேன்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் பொடிக்கே போறாங்கன்னா, அதுல யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. மாமியாருக்குத் தெரியக் கூடாது, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற நேரம், ஆபீஸ்ல கேட்டா ஜுரம்னு லீவ் சொல்லிக்கலாம், கடன்காரன் வந்தா காதுத் தோட அடமானம் வச்சு அடைச்சிடலாம். இப்படி மூடி மறைக்கிறதுலயே பத்து வருஷம் போயிடுது. 2019ல மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட நாடு முழுக்க எடுத்த சர்வேல, மதுவுக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சதா சொல்லியிருக்கார். மிச்ச 37 பேரும் அவங்க குடும்பமும் வீட்டுக்குள்ளயே பூட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க.

சாந்தி ரங்கநாதன் அம்மாவ இந்த எடத்துல சொல்லியே ஆகணும். பெரிய தொழில் குடும்பத்து மருமகள், இளம் வயசுலயே கணவரக் குடிக்குப் பறிகொடுத்தவங்க. மறைக்கணும்னு நெனச்சிருந்தா அவங்களுக்கு எல்லா வசதியும் இருந்துச்சு. அவங்க மறைக்கல, 1980ல சென்னைல அவர் பேர்லயே ஒரு மையத்த ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு டிடிகே ஆஸ்பத்திரின்னு எல்லாருக்கும் தெரியுற எடம். குடிக்கிறவருக்கு சிகிச்சை நடக்குறப்போ குடும்பத்துக்கும் தனியா கவுன்சிலிங் அங்க நடக்கும். சிட்டிக்கு வர முடியாதவங்களுக்காக திருவாரூர் பக்கம் மஞ்சக்குடில ஊருக்குள்ளயே போய் 15 நாள் கேம்ப் நடத்தினாங்க. இடம் குடுக்குறது, ஆள சேத்து விடுறது எல்லாம் உள்ளூர்க்காரங்க உதவியோட, அதனால கேம்ப் முடிஞ்சு வீட்டுக்குப் போறவர பாத்துக்க அந்த ஊர்லயே ஆள் இருந்தாங்க. எங்க வார்டுல இருந்து டிஸ்சார்ஜ் ஆகிப் போறவருக்கு நான் தேடுறதும் அதத்தான்.

ஏன்னா ஆஸ்பத்திரில நாங்க பண்றது ஆரம்ப வேலை. உடம்புல இருக்குற விஷத்த எறக்குவோம், தயமின்ங்கிற வைட்டமின் ஊசி போடுவோம், தூங்க வைப்போம், சாப்பிட வைப்போம். அதுக்கப்புறம் சம்பள நாள், கல்யாண வீடு, துக்க வீடுன்னு ஒண்ணு ஒண்ணா வருமே, அப்போ நான் பக்கத்துல இருக்க மாட்டேன். ஏஏ மீட்டிங்ல பழகின ஒருத்தர் ஃபோன் எடுப்பார். ஏஏன்னா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935ல அமெரிக்காவுல ரெண்டு குடிநோயாளிங்க ஆரம்பிச்சது, இந்தியாவுல 1957ல இருந்து இருக்கு, தமிழ்லயே மீட்டிங் நடக்குது. காசு கட்ட வேண்டியதில்ல, பேர் பதிவு பண்ண வேண்டியதில்ல. நானும் குடிநோயாளி, இன்னைக்கு ஒரு நாள் குடிக்க மாட்டேன்னு சொல்ற பத்துப் பேர் நடுவுல உக்காந்தவருக்கு நாங்க மணிக்கணக்கா பேசியும் வராத தைரியம் வர்றத நான் பாத்திருக்கேன். அதுல போயும் திரும்பக் குடிக்கிறவங்க உண்டு. திரும்பக் குடிச்சா எல்லாம் போச்சுன்னு தலை முழுகிடாதீங்க, சுகர் கூடினா டாக்டர்கிட்ட வர்ற மாதிரி திரும்ப வாங்க.

குடும்பத்துக்குன்னே அல்-அனான்னு ஒண்ணு இருக்கு, 1951ல ஆரம்பிச்சது, இத சொன்னா பாதிப் பேர் இப்பதான் கேள்விப்படுறேன்ங்கிறாங்க. அவர் மீட்டிங்குக்கு வர மாட்டேங்கிறார்ங்கிறீங்களா, நீங்க போங்க. அவர் குடிய நான் உண்டாக்கல, அத என்னால கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாதுன்னு அங்க முதல்ல சொல்லித் தருவாங்க. 'நீ சரியா கவனிச்சுக்கிட்டா அவன் ஏன் குடிக்கப் போறான்'னு ஊரெல்லாம் ஏச்சு வாங்கின பொம்பளைங்க அத மொத தடவை கேக்கும்போது அழுதுடுவாங்க. கொஞ்ச நாள் போனதும் கடன அடைக்கிறத நிறுத்துவாங்க, லீவுக்குப் பொய் சொல்றத நிறுத்துவாங்க, புள்ளைங்க படிப்பப் பாப்பாங்க. அதப் பாத்துட்டு அவரா ஓபிக்கு வந்த கேஸும் உண்டு, வராத கேஸும் உண்டு. வரலேன்னாலும் உங்களுக்கும் புள்ளைங்களுக்கும் தூக்கம் வரும்.

ராத்திரில வேன் அனுப்பி ஆள தூக்கிட்டுப் போற சென்டர்கள்கிட்ட ஜாக்கிரதையா இருங்க. போதையால வர்ற மன பாதிப்பும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள்ளதான் வருது. அடிக்கிறதும் சங்கிலி போடுறதும் அந்தச் சட்டப்படி குத்தம். மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்காங்களா, டாக்டர் யாரு, நீங்க போய்ப் பாக்க விடுவாங்களான்னு கேளுங்க, மழுப்பினா எழுந்து வந்துடுங்க.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலேன்னா 14446க்கு ஃபோன் பண்ணுங்க, போதைப் பழக்கத்துக்கான இலவச ஹெல்ப்லைன். மனசு தாங்கலேன்னா 14416. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநல ஓபிக்கு நேராவும் வரலாம். அவர் உங்கள அடிக்கிறார்னா மொதல்ல புள்ளைங்களோட பாதுகாப்பான எடத்துக்குப் போங்க, பெண்கள் ஹெல்ப்லைன் 181க்கு சொல்லுங்க, அவர் சிகிச்சைய அப்புறம் பாத்துக்கலாம். வீட்டுல பொடி பாக்கெட் இருந்தா இன்னையோட நிறுத்திட்டு, பாக்கெட்ட தூக்கிப் போடாம எங்ககிட்ட கொண்டு வாங்க. என்ன கலந்தீங்க, எத்தன நாள் கலந்தீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, அத வச்சுதான் அவருக்கு என்ன பண்ணலாம்னு நாங்க பாக்க முடியும்.