பறக்கும் விமானத்தில் ஓர் ஓட்டை

விமானம் உச்சியில் பறக்கும்போது பாதி தண்ணீரைக் குடித்துவிட்டு பாட்டிலை இறுக மூடி வையுங்கள். தரையிறங்கியதும் எடுத்துப் பார்த்தால், யாரோ கசக்கியதுபோல் ஒடுங்கியிருக்கும். மேலே அதற்குள் அடைபட்ட காற்றுக்குத் தரைக்காற்றின் முக்கால் பங்கு அழுத்தம்தான் இருந்திருக்கும்.

35,000 அடியில் பறந்தாலும், கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு உரியதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஊட்டியைவிடச் சற்று மேலே உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே தரை அழுத்தத்தில் கால் பங்குகூடக் கிடையாது. சரி, உள்ளே தரை அழுத்தத்தையே வைத்துவிட்டால் என்ன? இப்போதே விமானத்தின் சுவரில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் உள்காற்று சுமார் 5 டன் விசையோடு வெளியே தள்ளுகிறது. அதையும் கூட்டினால் சுவர் தடிக்கவேண்டும், எடை ஏறும். கார்பன் இழைக் கலவையால் ஆன போயிங் 787 போன்றவற்றில் 6,000 அடி அளவுக்கு வைக்க முடிகிறது.

பெரும்பாலான ஜெட் விமானங்களில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரிலிருந்துதான் கேபினுக்கான காற்றை எடுக்கிறார்கள். 200 டிகிரிக்கு மேல் சூடான அதைக் குளிரவைத்துக் கேபினுக்குள் விடுகிறார்கள். காற்று இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். அப்படியானால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது எது? வால்பக்கம் இருக்கும் ஓர் ஓட்டை! அதை மூடித் திறக்கும் வெளியேற்று வால்வை ஒரு கணினி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறது. குழாயைத் திறந்துவிட்ட தொட்டியில், அடியில் உள்ள அடைப்பானை அசைத்தே நீர்மட்டத்தைப் பிடித்து வைப்பது போல. இறங்கும்போது காது அடைப்பது, இந்த வால்வு அழுத்தத்தை மெல்ல ஏற்றுவதால்தான்.

2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் 522 விமானத்தில் அந்த வால்வு சரியாக மூடவில்லை. பழுது ஒன்றுமில்லை. பராமரிப்புச் சோதனைக்காகக் கணினியை விட்டுக் கையால் இயக்கும் ‘மேனுவல்’ நிலைக்குத் திருப்பிய குமிழை யாரும் பழைய இடத்துக்குத் திருப்பவில்லை, அவ்வளவுதான். மேலேறும்போது எச்சரிக்கை ஒலித்தது. ஆனால் ஓடுபாதையில் வேறொரு கோளாறுக்கும் இதே ஒலிதான். விமானிகள் அந்தக் கோளாறு என்றே நினைத்துவிட்டார்கள். ஒரே சத்தத்துக்கு இரண்டு அர்த்தம் வைத்தவரை என்ன சொல்வது! ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மங்குவது யோசிக்கும் திறன். மங்குவது நமக்கே தெரியாது. விமானிகள் மயங்கினார்கள், ஆட்டோபைலட் ஏதென்ஸ்வரை கொண்டுபோய் வட்டமடித்தது, எரிபொருள் தீர்ந்தது. 121 பேரும் இறந்தார்கள்.

தலைக்கு மேலிருந்து விழும் முகமூடியில் வரும் ஆக்சிஜன் பெரும்பாலும் ஒரு வேதிவினையில் உண்டாவது. பன்னிரண்டு நிமிடம் போல வரும். விமானி 10,000 அடிக்கு இறக்க அது போதும். ஆனால் புகைக்கு அது உதவாது, கேபின் காற்றையும் கலந்துதான் தரும்.

அதனால் புகையை முளையிலேயே பிடிக்கவேண்டும். கழிவறைக் கூரையில் இருக்கும் சிறு பெட்டிக்குள் ஓர் ஒளிக்கற்றை போகும். ஒளியுணரி அதற்கு நேரெதிரே இல்லாமல் ஒதுங்கி இருக்கும். புகைத்துகள் நுழைந்தால் ஒளி சிதறி உணரியில் படும், மணி அடிக்கும். வாசனை ஸ்ப்ரேயை அடித்தாலும் சில சமயம் அடித்துவிடும். புகைத்துகளா ஸ்ப்ரே துளியா என்று அதற்கு எப்படித் தெரியும்?

இந்தப் பெட்டி கழிவறைக்கு வந்த வழி கொடியது. 1983 ஜூன் 2 அன்று ஏர் கனடா 797 விமானத்தின் கழிவறைப் பக்கம் தீப்பிடித்தது. சின்சினாட்டியில் பத்திரமாக இறங்கியும் 46 பேரில் 23 பேர் பிழைக்கவில்லை. கதவுகளைத் திறந்ததும் உள்ளே போன காற்று தீயை ஒரே மூச்சில் பரப்பிவிட்டது. அதன் பிறகே உணரி கட்டாயமானது.

புகைக்கத் தடை இருந்தும் கழிவறைக் கதவில் இன்றும் சாம்பல் கிண்ணம் இருக்கும். விதியை மீறுகிறவர் சிகரெட் துண்டைக் காகிதக் குப்பையில் போட்டுவிடக்கூடாதே என்றுதான்.