கதிரியக்கம்: ஏத்தன் பழத்திலும் உண்டு

கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றிப் பேச்சு வந்தாலே கதிர்வீச்சு, கதிரியக்கம் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்துவிடும். திருநெல்வேலிப் பக்கம் பலரும் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். ஆனால் இரண்டும் வேறு. நிலையில்லாத அணுக்கரு தானாகச் சிதைந்து கதிரை வெளிவிடும் தன்மை கதிரியக்கம். வெளிவருவது கதிர்வீச்சு. எக்ஸ்ரே கருவியிலிருந்தும் கதிர்வீச்சு வரும், ஆனால் அதில் கதிரியக்கம் இல்லை. சுவிட்சை அணைத்தால் நின்றுவிடும். கதிரியக்கத்துக்குச் சுவிட்ச் கிடையாது.

யுரேனிய உப்பிலிருந்து கதிர் வருவதை 1896-இல் ஹென்றி பெக்கரல் கண்டார். 1898-இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே ‘ரேடியோ-ஆக்டிவ்’ என்று எழுதினார்கள். லத்தீனில் ‘ரேடியஸ்’ என்பது சக்கரத்தின் ஆரக்காலையும் குறிக்கும், ஒளிக்கதிரையும் குறிக்கும். தமிழில் கதிர் + இயக்கம். ‘ரேடியோ’ என்றதும் நமக்கு வானொலிதான் ஞாபகம் வரும்; கதிரியக்கம் என்றால் பொருள் நேராக விளங்குகிறது. அதையே எழுதுவோம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். களக்காட்டு ஏத்தன் வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகம். இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 விழுக்காடு, பொட்டாசியம்-40 என்ற வகை. அது கதிரியக்கம் உள்ளது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 125 கோடி ஆண்டுகள். ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்குச் சுமார் 31 அணுக்கள் சிதைகின்றன, அதாவது 31 பெக்கரல். சாதாரண வாழைப்பழம் ஒன்றுக்கு 15 பெக்கரல் அளவில் வரும். உருளைக்கிழங்கு, பருப்பு, முருங்கைக்கீரை எல்லாவற்றிலும் இது உண்டு. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பிலேயே நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட பொட்டாசியம்-40 அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன.

கடல் மீனிலும் சிப்பியிலும் பொலோனியம்-210 என்ற இயற்கையான கதிரியக்கப் பொருள் இருக்கிறது. உடம்பு பெறும் கதிர்வீச்சை மில்லிசீவெர்ட் என்ற அலகில் சொல்வார்கள். உணவும் குடிநீரும் சேர்ந்து ஆண்டுக்குச் சராசரியாகத் தருவது சுமார் 0.3 மில்லிசீவெர்ட். இயற்கையிலிருந்து நாம் பெறும் மொத்தம் உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட், அதில் ஏறக்குறைய பாதி, நாம் சுவாசிக்கும் ரேடான் என்ற இயற்கைக் கதிரியக்க வாயுவால் வருகிறது. ஆகவே இந்தக் காரணத்துக்காகப் பழத்தையோ மீனையோ யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. சிறுநீரக நோயாளிகளைப் பழத்தைக் குறைக்கச் சொல்வது பொட்டாசியத்துக்காக, கதிரியக்கத்துக்காக அல்ல.

இந்தக் கணக்கைக் காட்டி, “வாழைப்பழத்திலும்தான் இருக்கிறது” என்று அணு உலை பற்றிக் கேட்பவரின் வாயை அடைப்பதை என்னால் ஏற்க முடியாது. உடம்பு பொட்டாசியத்தை ஓர் அளவில் நிறுத்திக்கொள்ளும். கூடுதலாகச் சாப்பிட்டால் சிறுநீரில் கழித்துவிடும். உலை விபத்தில் வெளிவரக்கூடிய அயோடின்-131 தைராய்டில் போய்ச் சேரும், ஸ்ட்ரான்சியம்-90 எலும்பில் தங்கும். சீசியம்-137 பொட்டாசியம் போலவே தசைகளில் பரவும், ஆனால் அதற்கு அப்படி ஓர் அளவுக் கட்டுப்பாடு கிடையாது. கூடங்குளம் பக்கத்துக் கடலோர ஊர்களான இடிந்தகரையிலோ உவரியிலோ ஒரு மீனவர் கேட்டால், எந்தத் தனிமம், கிலோவுக்கு எத்தனை பெக்கரல் என்று அளந்து பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம், கதிரூட்டல் வேறு சொல். வெங்காயம் முளைக்காமலும் மாம்பழத்தில் புழு இல்லாமலும் இருக்க, காமாக் கதிரைச் செலுத்துவது அது. அப்படிக் கதிரூட்டிய உணவு கதிரியக்கம் பெறுவதில்லை.