சிற்றந்து: ‘மைக்ரோ மொத்’துக்கு ஏற்ற தமிழ்

ஆங்கிலத்தில் ‘மைக்ரோ மொத்’ எனப்படும் சிறு அந்துப்பூச்சிகளைப் பார்த்துப் பதிவுசெய்யும்போது தமிழில் என்னவென்று எழுதுவது? ‘மைக்ரோ’ கிரேக்கச் சொல். சிறியது என்று பொருள். ‘மொத்’ பழைய ஆங்கிலத்தில் துணியை அரிக்கும் பூச்சிக்கு வழங்கிய பெயர். நம் ‘அந்து’வும் செய்யும் நாசத்தால் அறியப்பட்டதுதான். நெல்லில் விழும் சிறுபூச்சி என்றே அகராதிகள் அதற்குப் பொருள் சொல்கின்றன. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நெல்மூட்டை அடுக்கி வைத்தவர்களுக்கு அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூட்டையை அசைத்தால் வைக்கோல் நிறத்தில் சிறிதாக எழும்பிப் பறக்கும். அதன் புழு நெல்மணிக்குள்ளேயே இருந்து அரிசியைத் தின்று வளரும்.

‘விட்டில்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல்தான். ஆனால் அது வெட்டுக்கிளியையும் குறிக்கும் என்பதால் பதிவுக் குறிப்பில் குழப்பம் தரும். அந்துவே பாதுகாப்பு.

சரி, மைக்ரோவுக்கு என்ன செய்வது? பாடப்புத்தகப் பழக்கப்படி ‘நுண்ணந்து’ என்று போடலாம். ஆனால் நுண்ணுயிர் என்றால் நுணுக்குக்காட்டியில்தான் தெரியும். இந்தப் பூச்சிகளோ வெறுங்கண்ணுக்கே தெரிபவை. ஆகவே சிற்றெறும்பு, சிற்றாறு போலச் ‘சிற்றந்து’ என்பதே என் தெரிவு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிற்றந்து என்பது ஒரே வம்சம் அல்ல; சேகரிப்பாளர்கள் வசதிக்காகப் போட்ட பிரிவு. அம்பாறை வயல்களில் மணி பிடிக்காத வெண்கதிர் விழச் செய்யும் மஞ்சள் தண்டு துளைப்பானின் அந்து, இறக்கை விரித்தால் இரண்டு சென்ரிமீற்றரைத் தாண்டும். ஆனாலும் மரபுப்படி அதுவும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது.

உண்மையிலேயே சிறியதைப் பார்க்க வளவில் நிற்கும் தேசி (எலுமிச்சை) போதும். இளந்தளிரைத் திருப்பிப் பாருங்கள்: வெள்ளிக் கோடு ஒன்று வளைந்து வளைந்து ஓடும், அதன் நடுவே மெல்லிய கருங்கோடு. வெள்ளி, புழு தின்று போன சுரங்கம். கருங்கோடு அதன் எச்சம். கடைசியில் இலையோரத்தை மடித்து உள்ளே கூட்டுப்புழுவாகும். வெளிவரும் அந்து இறக்கை விரித்தாலும் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர்தான். வெள்ளை இறக்கை, நுனியில் ஒரு கரும்புள்ளி. பைலோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்பது இதன் அறிவியற் பெயர். கல்கத்தாவில் கிடைத்தவற்றை வைத்து ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் 1856இல் விவரித்தார். ஆசியாவுக்கே உரிய இந்தப் பூச்சி 1993இல் புளோரிடாவின் தோட்டங்களில் போய்ச் சேர்ந்தது.

பறக்கும் சிற்றந்தைத் துரத்துவதைவிட வளர்த்தெடுப்பது மேல். மடிந்த ஓரமுள்ள இலையைப் பறித்து ஒரு சிறு போத்தலில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். அந்து வெளிவந்ததும் அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அப்புறம் அந்த இலையை எறிந்துவிடாதீர்கள். சுரங்கம் போடும் புழுக்களில் பல ஒரே செடியையோ அதன் நெருங்கிய உறவுகளையோதான் தின்னும். அதனால் செடியின் பெயரே பாதி அடையாளம்.

மீதிப் பாதிக்குப் படம் எப்போதும் போதாது. ஒன்றுபோலத் தோன்றும் இனங்களை நிபுணர்கள் வயிற்றுப் பகுதியைப் பிரித்து, பிறப்புறுப்பின் அமைப்பைப் பார்த்துத்தான் வேறுபடுத்துகிறார்கள். இலங்கையின் சிற்றந்துகளில் பலவற்றுக்குப் பெயரிட்ட எட்வர்ட் மெய்ரிக் (1854–1938) இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். உலகெங்குமிருந்து வந்த ஆயிரக்கணக்கான இனங்களைக் கைவில்லையால் பார்த்தே விவரித்தார். அந்த உறுப்புகளை ஆராயவில்லை. அவர் சேகரித்தவை இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெயரை உறுதிசெய்ய இன்றும் அவற்றோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

எனவே நம்முடைய பதிவு முழுமையாக இருக்க வேண்டும். இடம் ‘மட்டக்களப்பு’ என்று மட்டும் எழுதினால் போதாது. வாவிக்கு எந்தக் கரை, எந்த ஊர் என்பதும் வேண்டும். திகதி, செடி, எடுத்தவர் பெயர், புழுவாகக் கண்டதா பறக்கக் கண்டதா என்பதையும் சேருங்கள். தமிழ்ப் பெயர் வைப்பதென்றால் செடியை முன்னே வைத்து ‘தேசியிலைச் சிற்றந்து’ என்று எழுதி, அறிவியற் பெயரையும் பக்கத்திலேயே குறித்துவிடலாம்.