ஒன்பது முறை நலம் விசாரித்தல்: கிராமத்துத் தற்கொலைத் தடுப்பில் தொலைபேசி எப்படி வேலை செய்கிறது?

தற்கொலைக்கு முயன்று பிழைத்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒருவருக்கு அடுத்த சில வாரங்களும் மாதங்களும்தாம் மிகவும் ஆபத்தானவை. மீண்டும் முயலக்கூடிய வாய்ப்பு அந்தக் காலத்தில்தான் கூடுதலாக இருக்கிறது. அவர் கிராமத்தில் இருப்பவரானால், மனநல மருத்துவரைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்கு வர வேண்டும். அன்றையக் கூலி போகும், துணைக்கு ஒருவர் வேண்டும், அதற்கும் மேலாக, எதற்காகப் போய்வருகிறார் என்று ஊர் கேட்கும். ஆகவே, "இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் பலர் திரும்ப வருவதில்லை. தொலைமருத்துவம் நிரப்ப முயல்வது இந்த இடைவெளியைத்தான்.

இதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் முன்னெடுப்பில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2008ஆம் ஆண்டு வெளியானது. சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தது. மற்றவர்களோடு, வீடு திரும்பும் சமயத்தில் ஒரு மணி நேரம் தனியே உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும் என மொத்தம் ஒன்பது முறை, தொலைபேசியிலோ நேரில் சென்றோ நலம் விசாரித்தார்கள். பதினெட்டு மாத முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18 பேர், அதாவது 2.2 சதவீதத்தினர், தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 2 பேர், அதாவது 0.2 சதவீதத்தினர்.

அந்தக் கால அட்டவணையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் நெருக்கமாகவும் போகப்போக இடைவெளி விட்டும் அழைப்புகள் அமைந்திருக்கின்றன. ஆபத்து எப்படிக் குறைகிறதோ அதைப் பின்தொடர்ந்தே அழைப்புகளும் குறைகின்றன. புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இதில் எதுவும் இல்லை. பிற்காலத்தில் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் அனைத்தும் இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது உதவுகிறது என்ற எண்ணத்துக்கு அதைவிடப் பழைய ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பின் சிகிச்சையைத் தொடர மறுத்த 843 பேரில் ஒரு பகுதியினருக்குச் சில வரிக் கடிதங்களைத் தொடர்ந்து அனுப்பிவந்தார். எந்தக் கோரிக்கையும் இல்லாத, நலம் விசாரிக்கும் கடிதங்கள் அவை. அவற்றைப் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறைவாக இருந்தது.

இது ஏன் பலன் தருகிறது? சாக வேண்டும் என்ற உந்துதல் பெரும்பாலும் ஒரே சீராக நீடிப்பதில்லை. அது உச்சத்துக்கு ஏறி, பிறகு தணிகிறது. அந்த உச்ச நேரத்திலும்கூடப் பலருடைய மனத்தில் வாழும் விருப்பமும் சாகும் விருப்பமும் ஒன்றாகவே இருக்கின்றன. அந்த நேரத்தைக் கடக்க வைப்பதும், அடுத்த முறை அது வருவதை முன்கூட்டியே அறிய வைப்பதும்தான் சிகிச்சையின் முதல் வேலை. அதற்குக் குரல் பெரும்பாலும் போதும். "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் நம்மிடையே பரவலாக இருக்கிறது, அப்படிக் கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்பதையே ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே பயிற்சி பெற்ற ஆலோசகர் சுற்றி வளைக்காமல் கேட்கிறார்: எண்ணம் மட்டும்தானா, திட்டம் உண்டா, முன்பு முயன்றதுண்டா, இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

அடுத்து இருவரும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தை எழுதுகிறார்கள். நெருக்கடி வருவதற்கான முன்னறிகுறிகள், அப்போது தனியாகச் செய்யக்கூடியவை, போய் உட்கார்ந்து பேசக்கூடிய ஆட்கள், அழைக்க வேண்டிய எண்கள், வீட்டில் எந்தெந்தப் பொருள்களை அப்புறப்படுத்த வேண்டும் என்பன அதில் இருக்கும். பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வடிவமைத்த இந்த முறையைத் தொலைபேசித் தொடர் அழைப்புகளோடு இணைத்து, அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் ஆராய்ந்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறத்தாழ 45 சதவீதம் குறைவாக இருந்ததாக 2018இல் வெளியான முடிவு கூறுகிறது.

பொருள்களை அப்புறப்படுத்துவது விவசாயக் குடும்பத்தில் எளிதன்று, ஏனெனில் பூச்சி மருந்து அங்கே அன்றாடத் தொழிற்பொருள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பூட்டுப் பெட்டிகளை அமைத்து, விவசாயிகள் தத்தம் மருந்தை அங்கேயே வைத்து எடுக்கும் முறையைச் சென்னையின் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தினர் செய்துபார்த்தார்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்த மிகப் பெரிய ஆய்வோ எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பெட்டியைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அந்தக் குடும்பத்தோடு ஒருவர் பேசி முடிவுசெய்ய வேண்டும், அந்தப் பேச்சைத் தொலைபேசியிலும் நடத்தலாம்.

இந்தியாவில் இதற்கான அரசு அமைப்பு டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், அது தொடங்கப்பட்டது. 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து மொழியைத் தெரிவு செய்தால், அழைப்பு அந்தந்த மாநில மையத்தின் ஆலோசகருக்குப் போகிறது. அவரால் தீர்க்க இயலாத நிலையில் மனநல மருத்துவருக்கும், நேரில் பார்க்க வேண்டியிருந்தால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அது கைமாறுகிறது. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் இதன் தலைமை மையம். இருபது மொழிகளில் சேவை கிடைக்கிறது.

கிராமத்திலிருந்து வரும் அழைப்புக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. ஒரே அறையில் நான்கு பேர் இருக்கும் வீட்டில் பேசுபவரால் மனம் திறக்க முடியாது; அப்போது ஆலோசகர் தம் கேள்விகளை ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடியவையாக மாற்றிக்கொள்ளலாம், அல்லது வயலுக்கோ மொட்டை மாடிக்கோ போய்ப் பேசச் சொல்லலாம். கைப்பேசி கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருந்தால், திருப்பி அழைக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். சமிக்ஞை அறுந்துபோகும் என்பதால், பேச்சின் தொடக்கத்திலேயே ஊர், தெரு, அருகில் இருக்கும் ஒருவரின் எண் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். காணொளி நல்லதுதான், ஆனால் படம் உறைந்து உறைந்து நிற்கும் இணைப்பைவிடத் தெளிவான குரல் மேலானது.

இவை எல்லாம் சரியாக அமைந்தாலும் ஊரில் ஓர் ஆள் வேண்டும். சென்னையில் மனநோய் சிகிச்சையிலும் ஆய்விலும் ஈடுபட்டுள்ள ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய பேருந்துத் திட்டம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கான அத்திட்டத்தில், நோயாளி பேருந்துக்குள் உட்கார்ந்து சென்னையிலுள்ள மருத்துவரோடு திரைவழியே பேசுவார். அந்தப் பேருந்திலேயே மருந்து கொடுக்கப்படும். நோயாளியை அடையாளம் கண்டு அழைத்துவந்ததும், மருந்து சாப்பிடுகிறாரா என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்ததும் அந்தந்தப் பகுதியில் பணியாற்றிய களப்பணியாளர்கள். தற்கொலைத் தடுப்புக்கும் இது பொருந்தும்: அழைப்பு எடுக்கப்படாதபோது கதவைத் தட்டிப் பார்க்க யாராவது ஒருவர் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இந்தச் சேவைகளைப் பற்றிய செய்திகளில் எத்தனை அழைப்புகள் வந்தன என்ற எண்ணிக்கையே முதலில் சொல்லப்படுகிறது. ஆபத்தான நிலையில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு வாரத்திற்குள் மறு அழைப்பு போனது, எத்தனை பேர் அதை எடுத்தார்கள் என்பதை அதற்கு இணையாகவாவது வெளியிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உயிரைக் காத்ததாக 2008 ஆய்வு காட்டிய முறையின் முக்கியப் பகுதி அந்த மறு அழைப்புகள்தாம்.

ஒருவர் ஏற்கெனவே தமக்குத் தீங்கு செய்துகொண்டுவிட்டால் தொலைபேசி ஆலோசனைக்குக் காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். காவல்துறைக்கு அஞ்சித் தயங்க வேண்டியதில்லை: 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. உடனடி ஆபத்து இல்லாதபோது 14416, தமிழ்நாட்டில் 104, அல்லது சினேகா மையத்தின் 044-24640050 ஆகிய எண்களை அழைக்கலாம். கவலைப்படும் உறவினரோ பக்கத்து வீட்டுக்காரரோகூட அழைக்கலாம். அப்படி அழைப்பவர், சம்பந்தப்பட்டவர் இப்போது தனியாக இருக்கிறாரா, யார் சொன்னால் கேட்பார் என்பவற்றை முன்னதாக அறிந்து வைத்திருந்தால் நல்லது. பேச்சை முடிக்கும் முன், மறு அழைப்பு எந்த நாளில், எந்த நேரத்தில், யாருடைய எண்ணுக்கு வர வேண்டும் என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.