‘நல்லா இறுக்கிட்டேன் அண்ணே’: வீட்டில் புது சைக்கிளின் பாகங்களைப் பூட்டுபவர்களுக்கு

பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் வந்தாலே எங்கள் கடைக்கு ஒரே மாதிரி வேலை வரிசையாக வரும். ஆன்லைனில் வாங்கிய சைக்கிள் அட்டைப் பெட்டிக்குள் முக்கால்வாசி பூட்டிய நிலையில் வீட்டுக்கு வந்திருக்கும். கூடவே ஓர் ஆலன் கீ, தகட்டில் வெட்டிய மெல்லிய ஸ்பேனர் ஒன்று. அப்பாவும் பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மீதியைப் பூட்டுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் இடது பெடல் ஆட ஆரம்பித்து, மறை போய், கடை வாசலில் வந்து நிற்கும். இந்த முறை சைக்கிளோடு வந்த பையனுக்குத் தாடையில் தையல் போட்டிருந்தது, முன்பல் பாதி இல்லை. பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதித்திருக்கிறான். பெடல், அதைத் தாங்கும் கிராங்க் என்கிற தண்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

“நல்லா இறுக்கித்தான் அண்ணே மாட்டினேன்” என்றார் அவனுடைய அப்பா. உண்மைதான், நன்றாகவே இறுக்கியிருந்தார். மறை போனதே அதனால்தான்.

முதலில் இந்தப் பெடல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெடலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் மறை வேறு. வலது பெடல் எல்லா நட்டையும் போல வலப்பக்கம் திருப்பினால் இறுகும். இடது பெடல் எதிர் மறை, இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். அதையும் சாதாரண மறையாக வைத்தால் மிதிக்க மிதிக்கத் தானாகவே கழன்றுவிடும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். பெடல் அச்சின் முனையில் எல், ஆர் என்று ஆங்கில எழுத்து பொறித்திருப்பார்கள். எல் என்றால் இடது, ஆர் என்றால் வலது. அதுவும் சீட்டில் உட்கார்ந்திருப்பவருடைய இடது, வலது. சைக்கிளுக்கு எதிரே நின்று பார்த்து மாட்டினால் மாறிப்போகும். குழப்பமாக இருந்தால் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி முன் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும், பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டும் கழலும்.

பெடல் அச்சு இரும்பு. இப்போது வருகிற சைக்கிள்களில் கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். பெடலை மாற்றிப் போட்டாலும் சரி, கோணலாக ஏற்றினாலும் சரி, இரும்பு அலுமினியத்தை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். கை வலிக்க வலிக்கத் திருப்புவீர்கள், நல்ல பிடிமானம் கிடைத்துவிட்டது என்றே தோன்றும். உண்மையில் அங்கே பிடிக்க மறையே மிச்சமிருக்காது. அதனால் அச்சில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் நான்கைந்து சுற்றை விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்குப் போகாத மறையில் ஸ்பேனரை வைக்கவே வைக்காதீர்கள். தனியாகப் பெடல் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பெரிய சைக்கிள்களுக்கு 9/16 அங்குல அச்சு, சிறுவர் சைக்கிள் பலவற்றுக்கு அரை அங்குலம். ஒன்றை இன்னொன்றில் எந்தப் பலத்தாலும் ஏற்ற முடியாது.

‘இறுக்கினால் பாதுகாப்பு’ என்ற இந்த நம்பிக்கைதான் என்னை மிகவும் வருத்துகிறது. இஞ்சினியர், ஆசிரியர், விவசாயி என்று யார் வந்தாலும் இதைத்தான் சொல்கிறார்கள். சைக்கிளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் இறுக்கம் இருக்கிறது. சக்கர அச்சிலுள்ள இரும்புக் குண்டுகளை (பால்ஸ்) தாங்கும் கோனை அழுத்தி இறுக்கினால் பால்ஸ் சுழல இடமில்லாமல் கோனையே தின்றுவிடும். ஹேண்டில் தண்டு சுழலும் தலைப்பகுதிக் கிண்ணத்தை இறுக்கினால் ஹேண்டில் தானாக நேராகத் திரும்பாது, ஓட்டுபவர் ஒவ்வொரு நொடியும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். பிரேக் கேபிளைப் பிடிக்கிற போல்ட்டை நசுக்கினால் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒருநாள் அவசரமாகப் பிடிக்கும்போது மிச்சமும் அறுந்துவிடும். ஒரு பக்க ஸ்போக்ஸ் கம்பியை மட்டும் முறுக்கினால் ரிம் கோட்டமாகும். ஹேண்டில் பாரைப் பிடிக்கும் சின்ன ஆலன் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவுதான் போட்டிருப்பார்கள். குட்டை ஆலன் கீயை விரல்களால் பிடித்துத் திருப்பினாலே அந்த இறுக்கம் வந்துவிடும். அதில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டி, ஏறி மிதித்து இறுக்கிய சைக்கிள்கள் எங்களிடம் வருகின்றன.

இன்னொரு பக்கம், உண்மையிலேயே இறுக்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். கிராங்க் போல்ட் அதில் முதலாவது. சதுர அச்சில் உட்காரும் அலுமினியக் கிராங்கைத் தளர்ந்த நிலையில் ஒரு வாரம் ஓட்டினால் போதும், சதுரத் துளை வட்டமாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கியும் பயனில்லை, கிராங்கைத்தான் மாற்ற வேண்டும். புது சைக்கிள் எங்கிருந்து வந்தாலும், கடையில் வாங்கியதோ பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டியோ, ஓட்ட ஆரம்பித்த முதல் மாதத்துக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்த்தே ஆக வேண்டும். ஸ்போக்ஸ் கம்பியும் கேபிளும் அப்போதுதான் தங்கள் இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் தளரும்.

முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டிய சைக்கிளை நீங்கள் தெருவிலேயே பார்த்திருக்கலாம். பெட்டிக்குள் இடம் மிச்சப்படுத்த ஃபோர்க்கைத் திருப்பி வைத்து அனுப்புவார்கள். அதை அப்படியே வைத்து ஹேண்டிலை மட்டும் முன்னால் பார்த்து இறுக்கிவிடுகிறார்கள். ஓட்டவும் முடியும், அதுதான் ஆபத்து. சக்கரம் உள்ளே தள்ளி நிற்பதால், திரும்பும்போது காலின் முன்பகுதி டயரில் முட்டும். வளைந்த ஃபோர்க் என்றால் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். ரிம் பிரேக் என்றால் முன் பிரேக் ஃபோர்க்குக்கு முன்னால் நிற்க வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் பெரும்பாலும் ஃபோர்க்கின் இடது காலுக்குப் பின்புறம் இருக்கும்.

பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று ஹேண்டிலையோ சீட்டையோ உயர்த்துகிறீர்களா? இரண்டின் தண்டிலும் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் உள்ளே பிடிப்பு போதாது. உயரம் பற்றவில்லை என்றால் பெரிய சைக்கிள் வாங்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பிரேக் கத்துகிறது என்று எண்ணெய் விடுபவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், ஸ்பிரே, எதுவுமே வேண்டாம். ரிம்மில் பட்டதைச் சோப்பு நீரில் கழுவிவிடலாம். டிஸ்க் பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் பெரும்பாலும் புதுப் பேட்தான் போட வேண்டும். செயினுக்கு எண்ணெய் விடும்போதும் பின்பக்க டிஸ்க்கை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். ரிம் பிரேக்கில் கட்டை ரிம்மில் மட்டும் பட வேண்டும். மேலே ஏறினால் டயரை அறுக்கும், கீழே இறங்கினால் ஸ்போக்ஸுக்குள் போகும்.

முன் சக்கரத்தில் குவிக் ரிலீஸ் லீவர் இருந்தால், அதை நட்டைப் போலச் சுற்றிச் சுற்றி இறுக்குவதற்காக வைக்கவில்லை. எதிர்ப்பக்க நட்டை அளவாகத் திருப்பிவிட்டு, லீவரை மடக்கி மூட வேண்டும். மூடும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதிகிற அளவுக்கு அழுத்தம் தேவைப்பட்டால் சரி.

இனி கூடுதல் பொருட்கள். மணி, விளக்கு, தண்ணீர் பாட்டில் தாங்கி, இவற்றை நீங்களே தாராளமாக மாட்டலாம். கூடையை மாட்டிய பிறகு ஹேண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள், பிரேக் கேபிள் இழுபடக் கூடாது. மட்கார்டு கம்பி தளர்ந்து முன் சக்கரத்துக்குள் போனால் சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஓட்டுபவர் ஹேண்டிலுக்கு மேலாகப் பறந்து விழுவார். கேரியர் போல்ட் நீளமாக இருந்தால் டயரையோ பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலையோ உரசும். அழகாக இல்லை என்று ரிஃப்ளெக்டரைக் கழற்றி எறிகிறவர்களும் இருக்கிறார்கள். இருட்டில் லாரி ஓட்டி வருபவருக்கு உங்களைக் காட்டுவது அதுதான்.

எனக்கு மனசு ஆறாத ஒன்று, வெறும் கேரியரில் குழந்தையை உட்கார வைப்பது. குழந்தையின் கால் பின்சக்கரக் கம்பிக்குள் போனால் குதிகால் சதையே பிய்ந்துவிடும். மோட்டார் சைக்கிளில் பின்சக்கரத்தின் பாதியளவாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி சொல்கிறது. சைக்கிள் சக்கரமும் அதே வேலையைச் செய்யக்கூடியதுதானே? மெத்தையைக் கேரியரில் கயிறு போட்டுக் கட்டினால் அது குழந்தை சீட் ஆகிவிடாது. கால் வைக்கும் தாங்கியும், கால் சக்கரத்துக்குள் போகாமல் மறைக்கும் தடுப்பும், இடுப்பில் பெல்ட்டும் உள்ள சீட் வாங்குங்கள். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும், படியுங்கள். சீட்டை மாட்டியதும் முதலில் ஒரு அரிசிப் பையை வைத்து ஓட்டிப் பாருங்கள்.

மோட்டார் கிட் வாங்கி மாட்டுவது இப்போது பரவுகிறது. இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். சக்கரத்தின் நடுவில் மாட்டும் மோட்டார் சுழலும்போது அதன் அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தும் டார்க் ஆர்ம் இல்லாமல் அலுமினிய ஃபோர்க்கில் மாட்டினால், அச்சு உட்காரும் வாய் உடைந்து முன் சக்கரம் தனியாகப் போகும். இருக்கிற பிரேக்கும் அந்த வேகத்துக்குச் செய்ததில்லை. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் குறைவாக இருந்தால்தான், மற்ற நிபந்தனைகளோடு சேர்த்து, அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. அதற்கு மேல் சக்தியுள்ள கிட்டைச் சாதாரண சைக்கிளில் மாட்டச் சொல்லி வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

வீட்டில் எதையுமே தொடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பஞ்சர் ஒட்டுங்கள், செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துக் காற்று அடியுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள், எங்கள் பிழைப்பு அதனால் கெட்டுவிடாது.

பூட்டி முடித்ததும் மூன்று சோதனை. முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், தனியாகத் திரும்பினால் தண்டு பிடிக்கவில்லை. முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள், தலைப்பகுதியில் டக் டக் என்று ஆடக் கூடாது. சைக்கிளை அரையடி தூக்கிக் கீழே போடுங்கள், எது கலகலக்கிறதோ அதைத் தேடுங்கள்.

இதில் ஏதாவது ஒன்றில் சந்தேகம் வந்தால் பக்கத்துக் கடைக்குக் கொண்டு போங்கள், பத்து நிமிட வேலைதான். பெட்டியில் மிஞ்சிய நட்டு, வாஷர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், எது விடுபட்டது என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். பிள்ளையை ஓட்டி வரச் சொல்லாதீர்கள், நீங்களே உருட்டிக்கொண்டு வாருங்கள்.