ஒருங்கிணைப்பு அன்று, ஆயத்தொலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் பட்டறையொன்றில் தரச்சோதனை பார்க்கும் நான், சனிக்கிழமைகளில் அங்குள்ள சாட்ஸ்வொர்த்தில் பெரியவர்களுக்குத் தமிழும் கற்பிக்கிறேன். பாகங்களின் அளவைச் சோதிக்கும் ‘கோ-ஆர்டினேட் மெஷரிங் மெஷின்’, சுருக்கமாகச் சி.எம்.எம். என்று நாங்கள் அழைக்கும் கருவியைப் பற்றி அங்கே படித்த தமிழ்க் கையேடு அதனை ‘ஒருங்கிணைப்பு அளவிடும் இயந்திரம்’ என்றது. இதே பெயரைப் பலமுறை கண்டிருக்கிறேன். “அண்ணே, இது எதோடு எதைச் சேர்க்குது?” என்று ஒருவர் கேட்டார். கேள்வி சரியானது, பெயர்தான் தவறு.

‘கோ-ஆர்டினேட்’ என்பதன் வேர், வரிசை என்று பொருள்படும் ‘ஓர்டோ’ என்னும் இலத்தீன் சொல். கணிதத்தில் அதைப் பெயர்ச்சொல்லாக்கியவர் ஜெர்மானியக் கணித அறிஞர் லைப்னிட்சு, 1692இல். ஆங்கிலத்தில் ‘ஒருங்கிணை’ என்னும் வினைக்கும் எழுத்து அதுவே என்பதால், மொழிபெயர்த்தவர் வினையைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டார்.

அந்தப் பொறி எதையும் ஒருங்கிணைப்பதில்லை. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகளில் நகரும் தண்டின் நுனியிலுள்ள சிறு மாணிக்கக் குண்டு பாகத்தைத் தொட்ட கணத்தில், ஒவ்வோர் அச்சிலும் தொடக்கப்புள்ளியிலிருந்து எவ்வளவு தொலைவு என்று மூன்று எண்களைக் குறித்துக்கொள்கிறது. இவ்வெண்களே ‘கோ-ஆர்டினேட்’, நான் சொல்லும் தமிழில் ‘ஆயத்தொலை’. துளையின் விட்டம் அப்புள்ளிகளிலிருந்து கணக்கிடப்படுவதே தவிர நேரே அளக்கப்படுவதன்று. இதை அறியாதவர் மூன்று புள்ளிகளை மட்டும் தொட்டு நிறுத்திவிடுவார். எந்த மூன்று புள்ளிகள் வழியாகவும், அவை ஒரே கோட்டில் இல்லாதவரை, ஒரு வட்டம் வரையலாம் என்பதால், கோணிப்போன துளையும் கணக்கில் குறையற்ற வட்டமாகவே தெரியும். எட்டுப் புள்ளிகளைத் தொட்டால் கோணல் வெளிப்படும்.

இலங்கைப் பாடநூல்களின் ‘ஆள்கூறு’ ‘கோ-ஆர்டினேட்’டுக்கு ஆகாதா என்று நண்பர்கள் கேட்கின்றனர். குறுகிய சொல், அங்கே தலைமுறைகள் அதில் கணிதம் கற்றுள்ளன, அதனை நான் இகழவில்லை. ஆயினும் பள்ளியில் தமிழ்வழிக் கணிதம் படிக்காத எங்கள் மக்களுக்கு அதில் முதலில் ஆள்தான் தெரிகிறான், பிறகு அவன் எதையோ கூறுகிறான். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘ஆயத்தொலை’யிலும் குறையுண்டு: ‘ஆயம்’ பழந்தமிழில் தோழியர் கூட்டம், வரியையும் குறிக்கும், இன்று தனித்து வழங்குவதில்லை. ஆனால் ‘தொலை’ அச்சொல்லைக் காப்பாற்றுகிறது, ஏனெனில் தொலைவு என்றதும் ‘எதிலிருந்து?’ என்று கேட்கத் தோன்றும். அளப்பவர் முதலில் கேட்க வேண்டியதும் அதுவே. மேசைமேல் பாகம் சற்றுத் திரும்பி அமர்ந்திருந்தாலும் கெடுதியில்லை. அதன் மேல்முகத்தில் மூன்று, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று எனப் புள்ளிகள் தொட்டு, அச்சுகளையும் தொடக்கத்தையும் பாகத்தின்மீதே நிறுவிய பிறகுதான் எந்த எண்ணுக்கும் பொருளுண்டு. ‘ஒருங்கிணைப்பு’ என்று கற்றவருக்கு அந்தக் கேள்வி எழவே எழாது.

ஆகவே ‘ஆயத்தொலை அளவுப்பொறி’ என்று எழுதுங்கள், பட்டறையில் சி.எம்.எம். என்றே சொல்லுங்கள், அதனால் தமிழ் குறைந்துவிடாது. பிழையான தமிழ்ப்பெயர்தான் கெடுதல் செய்கிறது, அது புரிந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தருவதால். அதே கையேட்டில் மாணிக்கக் குண்டுள்ள ‘புரோப்’ என்னும் உறுப்பு ‘விசாரணை’ என்றிருந்தது. அதனை அடித்துவிட்டுத் ‘தொடுமுனை’ என்று எழுதினேன். வகுப்பில் அதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.