மைக்கு கூவுறது யாரு தப்புங்க?

கோயமுத்தூர்ல ஒரு ஓட்டல் பார்ல போன சனிக்கெழம நம்ம பசங்க பேண்டு வாசிச்சாங்க. நாலு பேரு. கிட்டாரு சரவணம்பட்டில ஐடி வேல, பேஸ் வாசிக்கிறவன் பீளமேட்டுப் பக்கம் பம்புசெட்டு கம்பெனி, டிரம்மரு திருப்பூர்ல மெர்ச்சண்டைசர், பாடுறவன் மட்டும் இன்னும் காலேஜு. மிக்சர்ல உக்காந்தது நானு (டேபிள்ல கிண்ணத்துல இருந்த மிக்சர் இல்லீங்க, இது மைக்கு, கிட்டாரு சத்தமெல்லாம் கலந்து கூட்டிக் கொறைக்கற பட்டன் வச்ச பொட்டி). ரெண்டாவது பாட்டு நடுவுல பாடுறவனுக்கு ஜோரு ஏறி, மைக்கோட தலைய ரெண்டு கையாலயும் பொத்திப் புடிச்சான் பாருங்க, 'கூய்ய்ய்ங்'னு ஒரு சத்தம், முன்னாடி டேபிள்ல ஒருத்தருக்கு வாய்க்குப் போன சில்லி சிக்கன் பாதிலயே நின்னுருச்சு. அத்தன பேரும் திரும்பி மொறச்சது அவன இல்ல, என்னய.

இந்தக் கூவலுக்குப் பேரு ஃபீட்பேக்கு. டென்மார்க்கு இயற்பியல்காரர் சோரன் லார்சன் பேர வச்சு லார்சன் எஃபெக்ட்னும் சொல்லுவாங்க. சங்கதி என்னன்னா, மைக்குல போற சத்தம் ஆம்ப்ளிஃபயர்ல பெருசாகி ஸ்பீக்கர்ல வருது, அது காத்துலயே திரும்பி வந்து அதே மைக்குல உழுகுது, மறுபடி பெருசாகுது, மறுபடி வருது, இப்படியே சுத்திக்கிட்டே இருக்குது. நம்மூரு வட்டிக்கு வட்டிக் கணக்கேதான். பாடுறவன் காலடில அவன் கொரல் அவனுக்குக் கேக்கறதுக்குன்னு ஒரு மானிட்டர் ஸ்பீக்கரு வச்சிருப்போம், அங்கிருந்து மைக்குக்கு ஒன்றரை மீட்டர்னு வைங்க. நம்ம சூட்டுல சத்தம் செகண்டுக்கு 350 மீட்டர் கிட்ட ஓடும், அப்ப ஒரு செகண்டுல 233 சுத்து. ஒவ்வொரு சுத்துக்கும் 5 சதவீதம் கூடுதுன்னா ஒத்த ரூவா ஒரே செகண்டுல 86 ஆயிரத்தத் தாண்டிரும்! நெசத்துல அவ்வளவு தூரம் போகாது, அதுக்குள்ள ஆம்ப்ளிஃபயரு இதுக்கு மேல என்னால முடியாதுன்னு நின்னுக்கும், ஆனா அதுக்குள்ள உங்க காது போயிருமே. அதே 5 சதவீதம் ஒவ்வொரு சுத்துக்கும் கொறஞ்சுதுன்னா சத்தம் தானா செத்துரும். ஒரு சுத்து முடியறப்ப ஒத்த ரூவா ஒண்ணுக்கு மேல வருதா கீழ வருதாங்கறதுதான் மொத்தக் கதையும், அதனாலதான் ஃபேடர (மிக்சர்ல சத்தத்தக் கூட்டிக் கொறைக்கற தள்ளு பட்டன்) ஒரு நூல் ஏத்துனாக்கூட நல்லா இருந்தது திடீர்னு கூவுது.

சரி, பாட்டு மொத்தமும் உள்ள போவுது, வெளிய ஏன் ஒரே சுருதில கூவுதுன்னு கேப்பீங்க. தூரி (ஊஞ்சல்) ஆட்டிப் பாத்திருப்பீங்கல்ல, திரும்பி வர்ற நேரம் பாத்துத் தள்ளுனா ஏறும், தப்பான நேரத்துல தள்ளுனா நின்னுரும். சத்தத்துக்கும் அதேதான், சுத்தி வர்ற அலை, பொறப்பட்ட அலையோட மேடுக்கு மேடு பொருந்தோணும். அப்படிப் பொருந்தற சுருதி நெறைய இருக்கும், அதுல மைக்கும் ஸ்பீக்கரும் ரூமும் சேந்து எதுக்கு அதிகமா எடம் குடுக்குதோ அது மத்ததெல்லாம் முழுங்கிட்டு ஜெயிச்சுரும். அந்த பார்ல ஒரு பக்கட்டு முழுக்கக் கண்ணாடி, தரை கிரானைட்டு, அப்பறம் கேக்கவா வேணும். சாயங்காலம் ஆளில்லாத ஹால்ல செக் பண்ணறப்ப இன்னும் மோசமா இருந்துச்சு, ஆளுக வந்து உக்காந்ததும் துணியும் ஒடம்புமா கொஞ்சம் சத்தத்த உறிஞ்சிருச்சு.

இப்ப பொத்துன கைக்கு வர்றேன். மேடைல பாடுற மைக்குக முக்காவாசி கார்டியாய்டு, 1966ல வந்த ஷூர் எஸ்எம்58 இன்னைக்கும் ஓடிட்டிருக்குதே, அதும் இந்த சாதிதான். முன்னாடி வர்றத நல்லா வாங்கும், நேர் பின்னாடி வர்றத விட்டுரும். அதெப்படி, மைக்குக்குள்ள இருக்கற காந்தம் காயிலுக்கு எது முன்ன எது பின்னன்னு தெரியும்? உள்ள இருக்கற சவ்வுக்குப் பின்பக்கமும் சின்னச் சின்ன ஓட்டை வச்சிருக்காங்க, அதான் பின்வாசல். பின்னாலருந்து வர்ற சத்தம் முன்வாசல்லயும் பின்வாசல்லயும் சுத்தி ஒரே நேரத்துக்குச் சவ்வுக்கு வர்ற மாதிரி கணக்கு, ரெண்டு பக்கமும் சமமா அழுத்துனா சவ்வு நகராது, மைக்குக்கு அது கேக்கவே கேக்காது. அதான் மானிட்டர நேரா மைக்கு முதுகுப் பக்கம் வெக்கறோம். இவன் என்ன பண்ணுனான், கைய வச்சுப் பின்வாசல அடச்சுட்டான், நாலா பக்கமும் கேக்கற மைக்காயிருச்சு, காலடி மானிட்டரு உட்பட.

எங்கூர்ல மாரியம்மன் நோம்பிக்கு ரேடியோ செட்டு கட்டறவரு பிசிக்ஸ் படிச்சவரில்ல, ஆனா குழாய எப்பவும் வேப்பமரத்து மேல கட்டி ஊரப் பாத்துத் திருப்பி வெப்பாரு, மைக்கு கோயிலுக்குள்ள. கூவுனா மைக்க மூடவே மாட்டாரு, தலைவருக கைல பொத்துனா ஓடி வந்து திட்டிக்கிட்டே மைக்கப் புடுங்கிக்கிட்டு நாலடி தள்ளிப் போவாரு. அவரு செஞ்சதுதான் சரி.

பார்ல இடம் கம்மி, தள்ளிப் போனா டேபிள் மேலதான் நிக்கோணும். அதனால நான் வேற வழில போனேன். வாய்க்கும் மைக்குக்கும் தூரம் பாதியானா கொரல் 6 டெசிபல் (சத்தத்த அளக்கற அளவு) கூடும், உதட்ட ஒட்டிப் பாடுனா அந்த அளவுக்கு ஃபேடர எறக்கிக்கலாம். தொறந்த மைக்கு ரெண்டு மடங்கானா, கூவாம ஏத்தக்கூடிய அளவுல 3 டெசிபல் நம்ம கைய விட்டுப் போயிரும், அதனால சும்மா நின்ன டிரம்மரு மைக்க ஆஃப் பண்ணிட்டேன் (அவனுக்குக் கோவம், இருக்கட்டும்). பொறவு சத்தத்த சுருதிவாரியா 31 பட்டியாப் பிரிச்சுக் கூட்டிக் கொறைக்கற ஈக்வலைசர்ல எந்தச் சுருதி கூவுதோ அந்தப் பட்டிய மட்டும் கொஞ்சம் எறக்கினேன். நெறையப் பட்டிய எறக்குனீங்கன்னா கொரல் போர்வைக்குள்ளருந்து வர்ற மாதிரி ஆயிரும், அது எனக்குப் புடிக்காது.

கடைசிப் பாட்டுல கிட்டாருக்காரன் வேணும்னே ஆம்ப்புக்கு (கிட்டாரு சத்தம் வர்ற பொட்டி) மூஞ்சிய ஒட்டி நின்னு இதே சமாச்சாரத்தப் பண்ணுனான். அங்க மைக்கே வேண்டாம், ஆம்ப்புச் சத்தம் கம்பிய ஆட்டும், அந்த ஆட்டத்தக் கம்பிக்கு அடில இருக்கற பிக்கப்பு கரண்ட்டாக்கி மறுபடி ஆம்ப்புக்கே அனுப்பும், மீட்டாமயே ஒரே சுரம் இழுத்துக்கிட்டே நிக்கும், ஒரு அடி நகந்தா வேற சுரத்துக்கும் தாவலாம். அமெரிக்கா கிட்டாருக்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1969ல உட்ஸ்டாக் இசை விழால கூட்டத்தக் கெறங்க வச்சது பாதி இதுலதான். கேட்டவிங்க விசிலடிச்சாங்க, சில்லி சிக்கன்காரரு உட்பட. "கிட்டாரு கூவுனா விசிலு, நான் கூவுனா மொறைப்பாண்ணா?"ன்னு பாடுறவன் வண்டி ஏத்தறப்ப கேட்டான். பதில் சொல்லல. அவன் மைக்கு கழுத்துல செவப்பு இன்சுலேஷன் டேப்பு ரெண்டு சுத்து சுத்தி, இதுக்கு மேல கை வரக்கூடாது கண்ணுன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்.